ரிசல்ட் வந்துவிட்டது, நம்பலாமா? ஆராய்ச்சி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன: எண் வந்துவிட்டது, கைடும் சரி என்றுவிட்டார், ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்த உறுத்தலை அடக்கிவிடாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

மேடம், தக்காளி இலை நோயைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் டீப் லேர்னிங் மாடல் செய்திருக்கிறேன். 99.2 சதவீதம் அக்யூரசி. ஆனால் எங்கள் தோட்டத்தில் போனில் எடுத்த படத்தைக் கொடுத்தால் தப்புத் தப்பாகச் சொல்கிறது. அந்தப் படங்களைச் சேர்க்காமல் பேப்பர் எழுதிவிடலாமா? (கணினி அறிவியல், திருச்சி)

சேர்க்காமல் எழுதாதீர்கள். உங்கள் ஆராய்ச்சியே அந்தத் தோட்டத்துப் படங்களில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட்டைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். 54,000க்கு மேல் படங்கள், 14 பயிர்கள், பயிரும் நோயும் சேர்ந்து 38 வகுப்புகள். எல்லாம் இலையைப் பறித்து வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016ல் மொஹந்தி, ஹியூஸ், சலாதே மூவரும் இதை வைத்து 99.35 சதவீதம் காட்டினார்கள். அந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பேப்பரில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அக்யூரசி 31 சதவீதத்தைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையான வேலை அது, படிக்கிறவர்கள்தான் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு 2022ல் நோயன் என்ற ஆய்வாளர் செய்த சோதனையைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் இலையே இல்லாத பின்னணிப் பகுதியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து ஒரு மாடலுக்குக் கற்றுக் கொடுத்தார். அது 49 சதவீதம் சரியாகச் சொன்னது. 38 வகுப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். அதாவது இலையைப் பார்க்காமலேயே, பின்னணியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் வைத்தே பாதி விடையைச் சொல்லிவிட முடிகிறது. உங்கள் மாடலும் நோயைக் கற்றதா, மேசை விரிப்பைக் கற்றதா என்று எப்படித் தெரியும்?

இப்போது செய்ய வேண்டியது: தோட்டத்துப் படங்கள் ஒரு இருநூறு முந்நூறாவது சேருங்கள், வேறு வேறு நாளில், காலையிலும் மத்தியானத்திலும், இரண்டு மூன்று போன்களில். என்ன நோய் என்று நீங்களாகப் பெயர் வைக்காமல் ஒரு பயிர் நோயியல் ஆளிடம் காட்டி வாங்குங்கள். கற்றுக்கொடுக்கும் படங்கள் (டிரெய்ன்), சோதிக்கும் படங்கள் (டெஸ்ட்) என்று பிரிக்கும்போது படம் படமாகப் பிரிக்காமல் செடி செடியாகப் பிரியுங்கள், ஒரே செடியின் இலைகள் இரண்டு பக்கமும் போகக்கூடாது. அப்புறம் ஆக்மென்டேஷன், அதாவது இருக்கிற படத்தையே திருப்பியும் சாய்த்தும் எண்ணிக்கையைக் கூட்டுவது. இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு பிரித்தால் ஒரே இலை திருப்பிப் போட்ட வடிவில் டெஸ்ட்டிலும் உட்கார்ந்திருக்கும், அது வினாத்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது மாதிரி. பிரித்த பிறகு, டிரெய்ன் பக்கம் மட்டும் செய்யுங்கள். கடைசியில் 99 போய் 70 வந்தாலும் அந்த 70ஐ எழுதுங்கள். எந்த நோயில் விழுகிறது, எந்த வெளிச்சத்தில் விழுகிறது என்று காட்டினால் அதைப் படிக்க ஆள் இருக்கிறது.

சிங்க் ஆக்சைடு நானோ துகள் தயாரித்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) எடுத்தோம். உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 0.36 நானோமீட்டர் வருகிறது. இவ்வளவு சிறியதாக யாரும் செய்ததில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (பயன்பாட்டு இயற்பியல், சிவகாசி)

யாரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. சிங்க் ஆக்சைடு படிகத்தின் ஒரே ஒரு அலகுக்கூடு, அதன் உயரம் மட்டுமே 0.52 நானோமீட்டர். ஒரு செங்கல்லைவிடச் சின்ன வீடு கட்டியதாக உங்கள் கணக்கு சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் போட்டுப் பார்த்தேன். உச்சி 36.2 டிகிரியில், பாதி உயரத்தில் அகலம் 0.4 டிகிரி, எக்ஸ்-கதிரின் அலைநீளம் (காப்பர் கே-ஆல்ஃபா) 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9. நீங்கள் 0.4ஐ அப்படியே போட்டுவிட்டீர்கள். அது ரேடியனில் இருக்க வேண்டும். 0.4 டிகிரி என்பது 0.00698 ரேடியன். அதைப் போட்டு, கோசைனுக்கு 36.2ல் பாதியான 18.1 டிகிரியை எடுத்தால் 20.9 நானோமீட்டர் வருகிறது. நல்ல, நம்பக்கூடிய எண். பாதியாக்க மறந்து 36.2ஐயே போட்டால் 24.6 வரும், அது இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்க நியாயமாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

இதோடு விடாதீர்கள். அந்த 0.4 முழுக்க உங்கள் துகளால் வந்ததில்லை, கருவிக்கே ஒரு அகலம் உண்டு. சிலிக்கான் அல்லது லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரித் தரமான பொடியை அதே கருவியில், அதே ஸ்லிட்டில் ஓட்டி அதன் அகலத்தைக் கழிக்க வேண்டும். அலுவலர் இல்லை, பொடி இல்லை என்பார்கள், கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஷெரர் தருவது படிகத் துணுக்கின் அளவு. ஒரு துகளுக்குள் பல துணுக்குகள் இருக்கலாம், அதனால் டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 60 நானோமீட்டர் தெரிந்தால் பதறாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

தரமான ஜர்னல்கள் என்று யுஜிசி வெளியிட்டு வந்த கேர் பட்டியல் இனி இல்லை என்கிறார்கள், பேப்பரே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது? (மின்னணுவியல், வேலூர்)

இரண்டும் பாதி உண்மை. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள், தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டன. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்டால் கேட்டதுதான், பதிவு செய்த வருடத்து விதிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி ஜர்னலை எடைபோடுவது நம் பொறுப்பு.

வாட்ஸ்அப்பில் "மூன்று நாளில் ஏற்பு, ஸ்கோபஸ் உறுதி" என்று வருவதைத் திறக்கவே வேண்டாம் (ஸ்கோபஸ் என்பது ஜர்னல்களைத் தொகுக்கும் ஒரு தரவுத்தளம்). உறுதி கொடுக்கும் மதிப்பாய்வு என்று ஒன்று கிடையாது. பெரிய பெயர் இருந்தாலும் பாருங்கள்: வைலி 2021ல் வாங்கிய ஹிந்தாவியின் ஜர்னல்களிலிருந்து 2023ல் மட்டும் 8,000க்கு மேல் பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன. நான் செய்வது இதுதான்: அந்த ஜர்னலின் கடைசி இரண்டு இதழ்களிலிருந்து என் துறைப் பேப்பர் மூன்றை முழுக்கப் படிப்பேன். படித்து ஒன்றும் கற்கவில்லை என்றால் அங்கே அனுப்ப மாட்டேன். இன்னொன்று, உண்மையான ஜர்னலின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறார்கள், அதனால் கூகுளில் வந்த முகவரியை அப்படியே நம்பாமல் பதிப்பகத்தின் சொந்தத் தளம் வழியாகப் போங்கள்.

தீசிஸில் மற்றவர் எழுத்தோடு 14 சதவீதம் ஒற்றுமை காட்டுகிறது. வார்த்தை மாற்றும் மென்பொருளில் போட்டால் 6க்கு வந்துவிடுகிறது. செய்யலாமா? (ஈரோடு)

வேண்டவே வேண்டாம். 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை, 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். உங்கள் 14 திருத்தக்கூடிய விஷயம். மேற்கோள் பட்டியலும் பொதுவான சொற்களும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள், அதை நீக்கினாலே பலருக்குக் குறைந்துவிடுகிறது. மிச்சத்தை மூலத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள்.

அந்த மென்பொருள் என்ன செய்யும் தெரியுமா? கபானாக், லாபே, மகசினோவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியான பேப்பர்களில் இப்படி மாறிய சொற்களை 2021ல் தோண்டி எடுத்தார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பதற்கான ஆங்கிலச் சொல் 'போலி உணர்வு' என்று பொருள்படும்படி மாறியிருந்தது. 'சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்' கொடியும் கலவரமுமாக மாறியிருந்தது. இப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் பிடிக்கும் வேலை இன்றும் நடக்கிறது. 14 சதவீதத்தை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம், இதில் மாட்டினால் பெயர் போய்விடும்.

ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்த எம்25 தரக் கான்கிரீட். 10 சதவீதத்தில் 32.1, 15ல் 33.3, 20ல் 31.8 வந்தது (28ஆம் நாள் அழுத்த வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில்). 15தான் உகந்த அளவு என்று முடிவு எழுதலாமா? ஒவ்வொன்றுக்கும் மூன்று கியூப். (சிவில், நாகர்கோவில்)

எழுத முடியாது. எம்25க்குக் கலவை வடிவமைக்கும்போது நம் இந்தியத் தரநிலை ஐஎஸ் 10262 எடுத்துக்கொள்ளும் திட்ட விலக்கமே 4 நியூட்டன். ஒரே கலவையில் மூன்று கியூப் போட்டால் சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகினாலும் ஐஎஸ் 456 ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மூன்று எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒன்றரை. கியூபை ஒரு பக்கம் சரியாகக் குத்தாவிட்டாலே அவ்வளவு வரும். வேறு வேறு நாளில் கலந்து, அளவு ஒன்றுக்கு ஒன்பது கியூபாவது போட்டு, சராசரியோடு விலக்கத்தையும் போடுங்கள்.

28 நாளோடு நிறுத்தவும் வேண்டாம். ஃப்ளை ஆஷ் மெதுவாக வேலை செய்கிற பொருள், சிமென்ட் வெளிவிடும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் வலு கொடுக்கும், 56ம் 90ம் பாருங்கள். எந்த மின்நிலையத்துச் சாம்பல் என்று எழுதவே இல்லையே? நெய்வேலி சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது, சுண்ணாம்பு அதிகம். மேட்டூர் சாம்பல் அப்படியில்லை. இரண்டும் ஒரே பெயரில் இரண்டு பொருள்.

நான் பள்ளி ஆசிரியை, கல்வியியலில் பகுதி நேர பிஎச்டி. 'அ' பிரிவுக்குச் செயல்வழியில் இயற்பியல், 'ஆ' பிரிவுக்கு வழக்கமான முறை. 'அ' சராசரி 64, 'ஆ' 58. சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட்டில் வித்தியாசம் வந்துவிட்டது. போதுமா? (தஞ்சாவூர்)

'அ' பிரிவுக்குப் பாடம் எடுத்தது நீங்கள், 'ஆ' பிரிவுக்கு வேறு ஆசிரியர், இல்லையா? அப்படியானால் வித்தியாசம் முறையால் வந்ததா, உங்களால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. எழுபது பிள்ளைகள் இருந்தாலும் உண்மையில் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வகுப்பறைகளைத்தான். கையில் இரண்டு பிரிவுதான் என்றால் ஒன்று செய்யலாம், அடுத்த பாடத்துக்குப் பிரிவை மாற்றிக்கொள்ளுங்கள், 'ஆ'வுக்குச் செயல்வழி, 'அ'வுக்குப் பழைய முறை. இரண்டையும் நீங்களே எடுங்கள். ஆறு வாரம் கழித்துச் சொல்லாமல் ஒரு தேர்வு வையுங்கள்.

முன் தேர்வு மதிப்பெண்ணையும் சேருங்கள். 40லிருந்து 64க்கு வந்த வகுப்பும் 70லிருந்து 82க்கு வந்த வகுப்பும் எவ்வளவு கற்றன? ஏற இருந்த இடத்தில் எவ்வளவு ஏறின என்று பார்த்தால் 60ல் 24, 30ல் 12, இரண்டும் 0.4. ரிச்சர்ட் ஹேக் 1998ல் இப்படித்தான் 62 இயற்பியல் வகுப்புகளில் 6,542 மாணவர்களை ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23, பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 0.48. உங்கள் யோசனை பலமான யோசனைதான், அதனால்தான் வடிவமைப்பு பலவீனமாக இருப்பது வருத்தமாக இருக்கிறது.

கைடு அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், நான் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. (சென்னை)

பயப்பட வேண்டாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புது ஸ்காலர் எடுக்கத்தான் கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் 70 வயது வரை இணை வழிகாட்டியாகத் தொடரலாம். அடுத்த டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கிலேயே புது வழிகாட்டி பெயரை முடிவு செய்து பதிவு போட வையுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

மெல்லிய படலம் செய்கிறேன். ஒரு முறை வந்த ரிசல்ட் மறுபடி வருவதே இல்லை. எட்டு மாதம் போய்விட்டது. நல்லதாக வந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. (சேலம்)

எனக்கும் இப்படி ஒரு வருடம் போயிருக்கிறது. டின் ஆக்சைடு, ஸ்பிரே பைரோலிசிஸ். சூடான கண்ணாடித் தகட்டின்மேல் கரைசலைத் தெளிக்க வேண்டும், வெப்பநிலை 450 டிகிரி. ஒரே கரைசல், ஒரே நேரம், ஆனால் மின்தடை ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் பத்து மடங்கு. நானும் நல்லதை மட்டும் எழுதத் துணிந்திருந்தேன். ஆய்வகத்தில் உலை பழுது பார்க்க வந்த ஒரு அண்ணன்தான், "தெர்மோகப்பிள் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார், வெப்பநிலையை அளக்கும் கம்பியைத்தான் சொன்னார். அது சூட்டுத் தட்டுக்குள் இருந்தது. இன்னொரு தெர்மோகப்பிளைக் கண்ணாடியின் மேலேயே ஒட்டிப் பார்த்தோம். தெளிக்க ஆரம்பித்த சில விநாடிகளில் தட்டு 450லேயே நிற்க, கண்ணாடி 390க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் தெளிக்கும் வேகம் கையைப் பொறுத்து மாறியதால் படலமும் மாறியிருக்கிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன், உங்கள் தெர்மோகப்பிள் எங்கே இருக்கிறது? இந்த வாரம் படலம் எதுவும் செய்ய வேண்டாம். கண்ணாடியின் மேல் ஒன்றை ஒட்டி, வெறும் தண்ணீரைத் தெளித்து, ஐந்து விநாடிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். எனக்கு 10 விநாடி தெளிப்பு, 30 விநாடி இடைவெளி என்று வைத்த பிறகுதான் படலம் ஒரே மாதிரி வந்தது. உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.