பாஸான செக்கின் படத்தை எங்கே பார்ப்பது?

கேள்வி: தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். அட்வான்ஸ் 1,20,000 ரூபாய்க்கு செக் எழுதி வீட்டு புரோக்கரிடம் கொடுத்தேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. வீட்டுக்காரரோ செக்கே வரவில்லை என்கிறார். பாஸான செக்கை நெட்பேங்கிங்கில் பார்க்கலாமாமே? தேடினேன், கிடைக்கவில்லை.

பதில்: எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தருவதில்லை. சிலவற்றில், கணக்கு விவரத்தில் அந்தச் செக் எண்ணைத் தொட்டாலே படம் திறக்கும். சிலவற்றில் செக் சேவைகள் என்ற பகுதிக்குள் போய்த் தேட வேண்டும். செல்போன் செயலியில் இல்லாவிட்டால் கணினியில் நுழைந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கிளைக்குப் போங்கள்.

கூகுளில் வங்கியின் உதவி எண்ணைத் தேடி மட்டும் அழைக்காதீர்கள். மோசடிக்காரர்களின் எண்களும் அங்கே கிடக்கின்றன. "செக் படம் அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று யார் சொன்னாலும் பேச்சைத் துண்டித்துவிடுங்கள். நிஜமான வங்கி ஊழியர் ஓடிபி கேட்க மாட்டார்.

கிளையில் "செக் எங்களிடம் இல்லை, வாங்கிய வங்கியில் கேளுங்கள்" என்று கைவிரிப்பார்கள். முதல் பாதி சரிதான். ஒரு வங்கியில் போட்ட செக்குக்கு இன்னொரு வங்கியிடமிருந்து பணம் வசூலிப்பதுதான் கிளியரிங். சென்னையில் 2011 முதலே அதற்குக் காகிதம் பயணம் செய்வதில்லை, படம்தான் வருகிறது. அசல், பணத்தை வசூலித்த வங்கியில் 10 ஆண்டு இருக்கும். ஆனால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படமும் உங்கள் வங்கிக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தானே பணம் கொடுத்தார்கள்? சான்றளித்த நகல் அவர்களே தர வேண்டும். அசலே வேண்டுமென்றாலும் உங்கள் வங்கி மூலமாகத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் இருக்கலாம். வாடிக்கையாளரை ஏன் இப்படி அலைய விடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. செக்கைப் போட்டவருக்கும் உங்கள் வங்கியிலேயே கணக்கு இருந்தால், அது பெரும்பாலும் வெளி கிளியரிங்குக்குப் போகாது. அப்போது நெட்பேங்கிங்கில் படம் இல்லாமல் போகலாம். கொண்டுபோகிறவருக்கே பணம் தரும் பேரர் செக்காகக் கவுன்ட்டரில் பணம் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். இவற்றில் அசல் செக்கே உங்கள் வங்கியிடம் இருக்கும், ஆனால் வேறு கிளையில் இருக்கலாம். "படம் இல்லை" என்றால் "செக் எந்தக் கிளையில் பாஸானது?" என்று கேளுங்கள். கணக்கு விவரத்தில் அந்த வரியில் கிளியரிங் என்றிருக்கிறதா, டிரான்ஸ்ஃபர் என்றிருக்கிறதா, கேஷ் என்றிருக்கிறதா என்று பார்த்தால் உங்களுக்கே ஓரளவு பிடிபடும்.

படம் கையில் வந்ததும் பெயர் எழுதிய இடத்தைப் பாருங்கள். அது உங்கள் கையெழுத்தா? புரோக்கர்கள் "பேரை நாங்க போட்டுக்கறோம், ஓனர் மனைவி பேர்ல வேணுமாம்" என்பார்கள். காலியாக விட்ட செக்கில் எந்தப் பெயரும் ஏறலாம். நீங்கள் எழுதிய பெயர் அடித்துத் திருத்தப்பட்டிருந்தால், கிளியரிங்கில் அந்தச் செக்கைத் திருப்பியிருக்க வேண்டும். பாஸ் செய்தது வங்கியின் பொறுப்பு, எழுத்தில் கேளுங்கள். அடுத்து, இடது மூலையில் அக்கவுண்ட் பேயி கோடு (பெயர் உள்ளவரின் கணக்கில்தான் பணம் போட வேண்டும் என்ற குறி) இருக்கிறதா? பின்பக்கத்தில் செக்கைப் போட்டவர் கணக்கு எண்ணும் செல்போன் எண்ணும் எழுதியிருப்பார். பல நேரம் ஆள் அங்கேதான் சிக்குவார்.

வீட்டுக்காரர் பெயரே இருந்தால் நகலை நேரில் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். உங்கள் கையெழுத்தும் கணக்கு விவரமும் அதில் இருக்கின்றன. வேறு பெயர் இருந்தால் நகலோடு அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

நகல் கேட்டு வங்கிக்குத் தரும் விண்ணப்பத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த முத்திரைப் பிரதிதான்.