எழிலி என்ற பெயர் வாயில் நுழையுமா?

வணக்கம் சகோதரி. மகளுக்கு 'எழிலி' என்று பெயர் வைக்க ஆசை, ஆனால் யாரும் கேள்விப்படாத பெயர், வாயிலும் நுழையாது என்று வீட்டில் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தயங்கவே வேண்டாம். அருமையான பெயர்!

அரிய பெயர்தான், ஆனால் புதிதாகக் கட்டியது அல்ல. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலேயே (குறள் 17) மழைமேகம் என்ற பொருளில் வருகிறது. எழில், எழிலன், எழிலரசி எல்லாம் பழகிய பெயர்கள் என்பதால் கேட்பவர்களுக்கு அந்நியமாகவும் இராது.

உச்சரிப்பில் சிக்கல், ழி-யை அடுத்து உடனே லி வருவதுதான். ழகரத்துக்கு நாக்கு நுனி பின்னோக்கி வளைய வேண்டும், அண்ணத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ளகரம் ஆகிவிடும். லகரத்துக்கு நுனி முன்னே வந்து மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும். 'எழில்' என்று சொல்லி, கடைசியில் இகரத்தைச் சேர்த்துப் பாருங்கள், வந்துவிடும். குழந்தை முதலில் 'எயிலி' என்று சொன்னால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், ழகரம் மெல்லத்தான் வரும்.

என் உண்மையான கவலை ஆங்கில எழுத்துகளில்தான். ழகரத்துக்கு எல் போட்டால் படிப்பவர்கள் 'எலிலி' என்பார்கள். பள்ளியில் அது 'எலி' ஆக எவ்வளவு நேரமாகும்? கனிமொழிக்குப் போடுவது போல இசட், எச் போடுங்கள். தமிழ் தெரியாதவர்கள் 'எசிலி' என்பார்கள், பரவாயில்லை, கேலிக்கு இடமில்லை. பிறப்புச் சான்றிதழில் எழுதும் அதே எழுத்துகளையே பாஸ்போர்ட்டிலும் எழுதுங்கள்.