தெரியாத பூனை ஒன்று அடிக்கடி வீட்டுக்குள் வருகிறது, விரட்டினாலும் மறுபடி வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "நீங்கள் சாப்பாடு வைத்திருப்பீர்கள், அதனால்தான் வருகிறது" என்பதுதான். வைக்கவே இல்லை என்று நீங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நான் நம்புகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த பூனைக்கு ஆரம்பத்தில் நான் ஒரு சொட்டுப் பால்கூட வைத்ததில்லை (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும், அது வேறு விஷயம்). ஆனாலும் அது தினமும் வந்தது, திட்டு மட்டும் எனக்கு விழுந்தது.

நீங்களும் துடைப்பத்தைக் காட்டியிருப்பீர்கள், கைதட்டியிருப்பீர்கள், ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அது வேறு எந்த வழியாகவோ வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கும். பூனைக்குக் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு ஒட்டாமல் தசைக்குள் மிதக்கிற மாதிரி இருப்பதால், தலை நுழைகிற சந்து கிடைத்தால் பெரும்பாலும் உடம்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் எப்படி வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட எதற்கு வருகிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் விரட்டிக்கொண்டே இருந்தால் உங்களுக்குக் கைதான் வலிக்கும்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் தரைத்தளம். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பூனை. அடுக்களைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது, அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. சாப்பாட்டுக்கு வருகிற பூனை மேடை மேல்தானே ஏறும்? இது நேராகப் படுக்கையறைக்குப் போகும். அங்கே ஒரு துணி அலமாரி, கதவு சரியாக மூடாது, ஒரு விரல்கடை திறந்தே நிற்கும். முன்னங்காலை அந்தச் சந்தில் விட்டு இழுத்துத் திறந்துகொண்டு கீழ்த்தட்டில் ஏறும். மடித்து வைத்த போர்வையை மோந்து பார்க்கும், நகத்தால் பிராண்டிக் குழி மாதிரிச் செய்யும், இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும், அப்புறம் பிடிக்காமல் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்க்கும். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை.

என் மாமியாருக்கு அது போதும். "நீ இடம் குடுத்துதான் இது இங்கேயே குடியேறப் பார்க்குது" என்றார். "அத்தை, நான் ஒண்ணும் குடுக்கல. அது வயித்தைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். பக்கவாட்டில் வயிறு புடைத்திருந்தது, காம்புகள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன, அவற்றைச் சுற்றி முடி விலகியிருந்தது. சினை. பூனைக்குக் கர்ப்பகாலம் சுமார் 9 வாரம், மூன்றாவது வாரத்திலேயே காம்பு சிவக்க ஆரம்பித்துவிடும், ஆனால் வயிறு இந்த அளவுக்கு இறங்கிவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

யாராவது வளர்க்கிற பூனையா என்று தெரிந்துகொள்ள நான் செய்ததை நீங்களும் செய்யலாம், செலவே இல்லை. ஒரு காகிதப் பட்டையில் "இது உங்கள் பூனையா? இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று எழுதி, இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வாகக் கழுத்தில் சுற்றி ஒட்டிவிடுங்கள். காகிதம்தான், கயிறோ ரப்பர் பேண்டோ வேண்டாம். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் காகிதம் கிழிந்து பூனை தப்பித்துவிடும், கயிறு கழுத்தை இறுக்கும். கிட்ட வராத, சீறுகிற பூனை என்றால் இந்த வேலையே வேண்டாம், போட்டோ எடுத்து அக்கம்பக்கத்தில் காட்டுங்கள். என் காகிதம் மறுநாள் காணவில்லை, அழைப்பும் வரவில்லை. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன். எல்லாருக்கும் நீல டிக். பதில் ஒன்றும் இல்லை. இரவு செயலாளர் ஒரு செய்தி போட்டார்: "சிலர் தெருப்பூனைகளுக்கு உணவளித்துப் பழக்குவதாகத் தெரிகிறது, தவிர்க்கவும்."

சிலர்! இந்த "சிலர்" யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயரைச் சொல்ல மட்டும் தைரியம் கிடையாது. இதே ஆள்தான் "சிலர் லிஃப்ட் கதவைச் சரியாக மூடுவதில்லை" என்றும் எழுதுவார். தரைத்தளத்தில் இருக்கிற நாங்கள் லிஃப்டில் காலே வைப்பதில்லை, ஆனால் அதன் பராமரிப்புக்கு மாதாமாதம் மேல் மாடிக்காரர்கள் கொடுக்கிற அதே தொகையைக் கொடுக்கிறோம். ஏன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மொட்டை மாடிக்குப் போக நீங்களும் பயன்படுத்தலாமே என்றார்கள். மொட்டை மாடியோ பூட்டித்தான் கிடக்கும், சாவி செயலாளரிடம். சரி, இதைச் சொல்லி இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை.

பூனைக்கு வருவோம். அலமாரிக் கதவைக் கட்டி மூடினேன். ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் பக்கவாட்டில் வாசல் வெட்டி, பழைய பருத்தித் துணி போட்டு, வாஷிங் மெஷின் இருக்கிற பின்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்தேன். அது வந்தது, பெட்டியை மோந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, ராத்திரி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வெறும் தரையில் குட்டி போட்டது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டில் எல்லார் துணியையும் கையால் துவைத்தோம், அந்த வாரம் வீட்டில் என் செல்வாக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். குட்டிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாமே என்று எல்லாரும் சொன்னார்கள், நான் விடவில்லை. பிறந்த குட்டிகளை நாம் நோண்டிக்கொண்டே இருந்தால் தாய் அந்த இடத்தை நம்பாமல் வேறு எங்காவது தூக்கிப் போய்விடலாம். சில நாளில் தானாகவே ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்தது. அதற்குச் சாப்பாடு வைக்க ஆரம்பித்ததும் அப்போதுதான், பால் கொடுக்கிற தாயைப் பட்டினி போட என்னால் முடியாது.

இதற்காகவே "அப்போ வைத்தீர்கள்தானே" என்று கேட்க ஒருவர் வருவார். ஐயா, வந்த பிறகு வைத்தேன், வைத்ததால் வரவில்லை. இரண்டும் வேறு.

முக்கியமானது இனிமேல்தான். தாய்ப்பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகலாம், பெட்டைக் குட்டிகள் 4 மாதத்திலேயே சினையாகக்கூடும். இதைக் கவனிக்காமல் பூனை தொல்லை பூனை தொல்லை என்று புலம்பிப் பயனில்லை. குட்டிகளுக்கு 8 வாரம் ஆகிப் பால் மறந்த பிறகு தாயைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே கருவியை ஓட்டி மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்த்தார், அரிசி அளவில் தோலுக்கடியில் இருக்கும், இருந்தால் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கலாம். இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்து, காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பினார். தெருவில் காது நுனி வெட்டிய பூனையைப் பார்த்தால் சண்டையில் போனது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ஆபரேஷன் ஆனதற்கு அடையாளம். குட்டிகளைக் கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டோம். ஒன்றை வாங்கிப் போனது செயலாளரின் மருமகள், அவ்வளவுதான் சொல்வேன்.

உடனே பூனை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு அலர்ஜி இருக்கலாம் (முடி மட்டும் காரணமில்லை, எச்சிலிலும் தோலிலும் இருக்கிற புரதம்தான் தும்ம வைக்கிறது), கூண்டுப் பறவை இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். வேண்டாமென்றால் ஜன்னலுக்குப் பூனை கிழிக்க முடியாத கம்பி வலை அடியுங்கள், ராத்திரி எச்சில் பாத்திரத்தையும் குப்பையையும் மூடி வையுங்கள். வருவது கடுவனாக இருந்து வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சியிருந்தால் அந்த வாடை போகிறவரை அந்த இடம் தன்னுடையது என்றே நினைத்துத் திரும்பத் திரும்ப வரும். என்சைம் கலந்த கிளீனர் போட்டுக் கழுவுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் இன்னொரு தடவை அடிக்கத் தூண்டும். சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டு வருவதும் வேண்டாம். வழி தெரிந்து திரும்பி வருகிற பூனைகள் உண்டு, வராவிட்டால் பழக்கமில்லாத இடத்தில் தவிக்கும், காலியான இடத்துக்கு வேறொன்று வரும்.

மூலையில் மடக்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், கடிக்கும். பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். ரேபிஸ் பயமும் இருக்கிறது. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தை அவர் அள்ள வேண்டாம், வேறு யாராவது கையுறை போட்டுத் தினமும் அள்ளிவிடுங்கள். வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி மலத்தில் வந்தாலும் தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால்தான் தினமும் அள்ளச் சொல்கிறேன்.

அப்புறம், மூலைக்கு மூலை அந்துருண்டை போடுங்கள் என்று இதே கேள்விக்கு இங்கே பதில் எழுதியிருப்பவருக்கு: அந்துருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் பூனைக்கு விஷம், மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிற குழந்தைக்கும் விஷம். தயவுசெய்து அந்தப் பதிலை எடுத்துவிடுங்கள்.