பிரெட் பவுலில் பேக்டு பாஸ்தா: அடி ஊறாமல் வர என்ன செய்ய வேண்டும்?

"பிரெட்டைக் கிண்ணம் மாதிரி குடைந்து, உள்ளே பாஸ்தா வைத்து வீட்டிலேயே பேக் செய்ய முடியுமா? வைத்த கொஞ்ச நேரத்திலேயே அடி ஊறிப் பிய்ந்துவிடுகிறதே, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். எங்கள் வீடு ஈரோட்டில். பரீட்சை முடிந்து அக்கா பிள்ளைகள் வந்து இறங்கினால் முதலில் கேட்பது இதைத்தான். செய்து செய்து எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: இந்தப் பலகாரத்தில் பாஸ்தா இரண்டாம் வேலை, கிண்ணம்தான் முதல் வேலை. செய்முறை எழுதுகிறவர்கள் சாஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, "பிரெட் பவுல் 4" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் சொல்லும் பிரச்சினை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

நம் பேக்கரிகளில் கிடைக்கும் பன் இதற்கு ஆகாது. டீயில் தொட்டுச் சாப்பிடுவதற்காகவே சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து மெத்தென்று சுட்ட பன் அது. மேல்தோலும் மெல்லியது. ஈரத்தைக் கண்டால் குடிக்கத்தான் செய்யும். கிண்ணத்துக்கு வேண்டியது இனிப்பில்லாத, தோல் கெட்டியான உருண்டை ரொட்டி. சான்பிரான்சிஸ்கோவில் புளித்த மாவு ரொட்டியைக் குடைந்து சூப் ஊற்றித் தருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் உண்டாக்கிய பன்னி சவ் (bunny chow) இருக்கிறது. பிரெட்டைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு. 1860 முதல் மெட்ராஸிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழியில் வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். அதனால் நம் ஊர்க் காரமும் பிரெட் கிண்ணமும் ஒத்துப்போகுமா என்ற சந்தேகமே வேண்டாம். இரண்டுக்கும் பழக்கம் உண்டு.

நீங்களே ரொட்டி சுடுவதாக இருந்தால் 4 கிண்ணத்துக்கு அளவு இது: மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். மைதாவைக் குறைக்க நினைக்கிறவர்கள் 150 கிராம் வரை கோதுமை மாவு மாற்றிக்கொண்டு தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் போதும். கோதுமை மாவை அதைவிடக் கூட்டினால் உருண்டை எழும்பாது. 10 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். அப்புறம் ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். இதற்கு மணிக் கணக்கு சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்தில் பொங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அதைப்போல இரண்டு பங்கு நேரம் எடுக்கும், துணி விலகினால் மேலே தோல் காய்ந்தும் போகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

பிறகு நான்காகப் பிரித்து உருட்ட வேண்டும். விளிம்புகளை அடிப்பக்கமாக இழுத்து இழுத்து மடக்கி, மேல்பரப்பு விறைப்பாக நிற்கும்படி உருட்டுங்கள். தளர்வாக உருட்டினால் பக்கவாட்டில் பரந்து பன் ஆகிவிடும், குடைய ஆழம் இருக்காது. அரை மணி நேரம் விட்டு, மேலே தண்ணீர் தெளித்து, முன்பே சூடேற்றிய ஓடிஜி ஓவனில் 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நன்றாகச் சிவக்கட்டும். அடியில் விரலால் தட்டினால் உள்ளே வெற்றாக இருப்பது மாதிரிச் சத்தம் வர வேண்டும்.

அவ்வளவு நேரம் இல்லை என்றால் தெருமுனை பேக்கரியில் சொல்லி வையுங்கள். நம் பக்கம் அதற்கா பஞ்சம்? நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். "அண்ணா, பிரெட் மாவுலயே சக்கரையக் கொறச்சு எட்டு உருண்டை, நல்லாச் செவக்கச் சுட்டுக் குடுங்ணா" என்றால், "சக்கரை கொறஞ்சா கலரு வராதுங்க" என்பார். அவர் சொல்வது சரிதான், தோல் சிவப்பதில் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. அதற்காகச் சர்க்கரையைக் கூட்டச் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடம் கூட வைக்கச் சொல்லுங்கள். ஓர் உருண்டைக்கு 200 கிராம் மாவு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சூடான ரொட்டியைக் குடையக் கூடாது. உள்ளே இன்னும் ஆவி இருக்கும், கத்தி பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சுவரோடு பிய்ந்து வரும். முதல் நாள் சுட்டு மறுநாள் குடைவதுதான் எனக்குப் பிடித்த முறை. மேலே ஒரு மூடி வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து விரல் தடிமன் விட்டு வட்டமாகக் கத்தியால் கோடு போட்டு, நடுவில் இருப்பதைக் கையால் பிய்த்து எடுங்கள். அடியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். மிச்சம் இருப்பதை விரலாலேயே சுவரோடு வைத்து அழுத்தி விட்டால் துளைகள் அடைந்து கெட்டிப்படும்.

அடுத்தது யாரும் விட்டுவிடக் கூடாத வேலை. உருக்கிய வெண்ணெயில் நசுக்கிய பூண்டு போட்டு, உள்பக்கம் முழுக்கத் தடவி, கிண்ணத்தைக் காலியாகவே 180 டிகிரியில் 7, 8 நிமிடம் வையுங்கள். உள்பக்கம் தொட்டால் ரஸ்க் மாதிரிக் கரகரக்க வேண்டும். ஈரம் முதலிலேயே வெளியேறிவிடுகிறது, வெண்ணெயின் கொழுப்பு சாஸை உடனே இறங்க விடாமல் தடுக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இந்த 8 நிமிடம்தான்.

மீதிப் பாதி சாஸின் பதம். வழக்கமான வெள்ளை சாஸுக்கு ஒரு கப் பாலுக்கு 1 டேபிள்ஸ்பூன் மைதா போதும். கிண்ணத்துக்கு 2 வேண்டும், வெண்ணெயும் 2. 4 கிண்ணத்துக்கு இரண்டு கப் பால் கணக்கு. நான் ஊத்துக்குளி வெண்ணெய்தான் போடுகிறேன். ஈரோட்டிலிருந்து திருப்பூர் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர், வெண்ணெய்க்கே பேர் போனது. உப்பில்லாத வெண்ணெய் என்பதால் உப்பு நம் கையில் இருக்கும். ஆனால் அதில் தண்ணீர் கொஞ்சம் இருக்கும். வாணலியில் போட்டதும் சடசடவென்று நுரைக்கும். சத்தம் அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் மைதாவைப் போட்டுச் சிறு தீயில் இரண்டு நிமிடம் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். இறக்கியபின் மிளகு, துருவிய சீஸ்.

பாஸ்தா ஆளுக்கு 50, 60 கிராம் போதும், கிண்ணத்தையும் சேர்த்துச் சாப்பிடப் போகிறோம் அல்லவா? டியூரம் கோதுமை ரவையில் செய்தது என்று பாக்கெட்டில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், குழையாது. உப்புப் போட்ட கொதிநீரில், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மிச்ச வேக்காட்டுக்கு அது சாஸிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரொட்டிக்குப் போக வேண்டிய ஈரம் அந்த அளவுக்குக் குறையும்.

உள்ளே என்ன சேர்ப்பது? எங்கள் வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன். இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. மசாலாத்தூள் கிடையாது, குழம்பு கிடையாது. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், பொடியாக நறுக்கிய எலும்பில்லாத கறி, தேங்காய்ப் பல், எல்லாம் எண்ணெயிலேயே சுருண்டு வரும். தண்ணீர் விடாத கறி என்பதால் சாஸ் நீர்த்துப்போகாது. வெள்ளை சாஸின் மந்தமான ருசிக்கு நடுவில் அந்தத் தேங்காய்ப் பல் கடிபடும்போது, அடடா! சைவம் என்றால் அதே பக்குவத்தில் காளான். ஆனால் காளான் தண்ணீர் விடும். அது முழுக்க வற்றி, ஓரம் சிவக்கும்வரை வதக்கிய பிறகே சாஸில் சேருங்கள். குடைமிளகாயும் தக்காளியும் அப்படியே. ரோட்டுக்கடைக் காளானை அப்படியே ஊற்றலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது தளதளவென்று இருக்கும், ஊற்றினால் நின்ற இடத்திலேயே தின்று முடிக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் கலந்து, கொஞ்சம் ஆறவிட்டுக் கிண்ணத்தில் நிரப்பி, மேலே மொசரெல்லா தூவி 200 டிகிரியில் 10 நிமிடம். சீஸ் கொதித்து அங்கங்கே செம்புள்ளி விழுந்தால் எடுத்துவிடுங்கள். ஓரம் முன்னதாகக் கருகுவது போலத் தெரிந்தால் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து 10 நிமிடம் சூடாக்குங்கள். தட்டில் கிண்ணத்தை வைத்து மூடி, சிறு தீயில் 10, 12 நிமிடம். காலிக் கிண்ணத்தைக் காய வைப்பதையும் இதிலேயே செய்யலாம், மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் ஆவி தங்காது. சீஸ் உருகும், சிவக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிச் செய்தால் அரை மணி நேரம் கிண்ணம் கிண்ணமாகவே நிற்கும். எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) முதலில் "வட்டலையே (தட்டையே) திங்கோணுமா கண்ணு?" என்றார். இப்போது சாஸ் லேசாக இறங்கி மெத்தென்று ஆன அடிப்பகுதிதான் அவருக்கு வேண்டும், கரகரப்பான ஓரம் பிள்ளைகளுக்கு.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் கிண்ணத்தை முதல் நாளே குடைந்து காய வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடலாம். சாஸும் கறியும் காலையிலேயே தயாராக இருக்கலாம். பாஸ்தாவை மட்டும் கடைசியில் வேகவைத்து, பந்தி போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு நிரப்புங்கள். நிரப்பிய கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி சூடாக்க வேண்டாம், ரொட்டி நொசநொசத்துவிடும். குடைந்தெடுத்த உள்பகுதியைக் காயவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். சீஸோடு கலந்து மேலே தூவினால் மொறுமொறுப்பு கூடும், மிச்சம் கட்லெட்டுக்கு ஆகும்.