நிரலாளருக்கு வேண்டியது என்ன?

கேள்வி: கணினி நிரலாளர்களுக்காகப் புதிய அலுவலகம் அமைக்கிறோம். அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புவது எது?

பதில்: குறுக்கீடு இல்லாத நேரம். நானும் நிரல் எழுதுபவள்தான். ஒரு பிழையைத் தேடும்போது எந்த மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) என்ன மதிப்பு, எந்தச் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எதை அழைக்கிறது என்று அத்தனையையும் மனத்தில் ஏந்தியிருப்பேன். "ஒரு நிமிடம்" என்று யாராவது தோளைத் தட்டினால் அவ்வளவும் சரிந்துவிடும். முதலிலிருந்து அடுக்க வேண்டும். மென்பொருள் குழுக்களை எடைபோட, மென்பொருள் வல்லுநர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட 12 கேள்விகளில் அமைதியான பணியிடமும் ஒன்று. நல்ல கருவிகளும் அந்தக் கேள்விகளில் உண்டு. வேகமான கணினி வாங்கத் தயங்காதீர்கள். ஆனால் முதலில் கதவுள்ள அறைகள் கொடுங்கள். இடமில்லையா? காலை வேளையில் கூட்டங்களே வேண்டாம். விளையாட்டு மேசைக்கு ஒதுக்கிய பணத்தை, தயவுசெய்து, சுவர்களுக்குச் செலவிடுங்கள்.