மோடம் கார்டு போகவில்லை, லைன் எண்தான் தப்பு

கேள்வி: அலுவலகத்தில் இருப்பது சிஸ்கோ 2611 ரூட்டர். அதில் 16 மோடம் கொண்ட என்எம்-16ஏஎம் கார்டு போட்டிருக்கிறோம். லைன் (மோடத்தை ரூட்டர் அறியும் எண்) 1 முதல் 16 வரை கன்ஃபிகர் செய்தும் ஒரு மோடம்கூட எடுக்கவில்லை. கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் ஏஎம்சிக்காரர் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்). மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் தட்டிய எண்களில் மோடமே கிடையாது.

இந்த ரூட்டர் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும், அதாவது கார்டு செருகும் இடத்துக்கும், 32 லைனை ஒதுக்கிவிடும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெட்டியோடு வருவது ஸ்லாட் 0. அதற்கு 1 முதல் 32. நீங்கள் கார்டு செருகிய பெரிய இடம் ஸ்லாட் 1. ஆகவே உங்கள் மோடம்கள் 33 முதல் 48 வரை. ஸ்லாட் எண்ணை 32ஆல் பெருக்கி, போர்ட் எண்ணையும் (கார்டில் அந்த மோடம் எத்தனையாவது என்பது) ஒன்றையும் கூட்டினால் லைன் எண் வரும். போர்ட்டை 0இலிருந்தும் லைனை 1இலிருந்தும் எண்ணுவது எந்தப் புண்ணியவானின் யோசனையோ! ஆறாவது மோடம் போர்ட் 5, அதன் லைன் 38.

'ஷோ லைன்' அடித்துப் பாருங்கள். 33 முதல் 48 வரை டிடிஒய் (மோடம் போன்றவற்றுக்கான லைன்) என்று வரும், ரூட்டரின் சொந்தத் துணை போர்ட்டான ஆக்ஸ் 65இல் நிற்கும். 'நோ ஹார்டுவேர் சப்போர்ட்' என்ற கடைசி வரியில் 1-32, 49-64 இருந்தால் ரூட்டர் கார்டைப் பார்த்துவிட்டது என்று பொருள். 'லைன் 33 48'க்குள் போய் 'மோடம் இன்அவுட்', 'டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்' கொடுங்கள். இரண்டாவதை விட்டால் அடுத்த சோதனையில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'தான். ரூட்டரின் ஐபிக்கு 2038 என்ற டிசிபி போர்ட்டில் (2000உடன் லைன் எண் 38) டெல்நெட் செய்து, மோடத்தைக் கூப்பிடும் கட்டளையான ஏடி என்று அடியுங்கள். ஓகே வந்தால் அந்த மோடம் உயிரோடிருக்கிறது. பல மோடம்களுக்குச் சேர்த்து ஒரே கன்ஃபிக் தரும் குரூப்-அசிங்க் வைத்திருந்தால் அதன் ரேஞ்சையும் 33 48 ஆக்குங்கள்.

மாற்றுக் கார்டு என்று செகண்ட் ஹேண்டில் தலையில் கட்டுவது என்எம்-16ஏவாக இருக்கலாம். 'எம்' இல்லாத அந்தக் கார்டில் மோடமே இல்லை. ஒரு முனை எட்டாகப் பிரியும் ஆக்டல் கேபிள் போட்டு வெளி மோடம்களை மாட்ட வேண்டும். ஸ்டிக்கரை நம்பாமல் 'ஷோ டயாக்' ஓட்டிப் பெயரைப் பார்த்த பிறகே பணம்.

லீஸ்டு லைனுக்கான சின்ன விக் கார்டுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எண் இடத்துக்கு இல்லை, வரிசைக்கு. விக் இடங்கள் இரண்டில் டபிள்யூ0 காலி, டபிள்யூ1இல் மட்டும் ஒரு சீரியல் கார்டு என்றால் அதன் பெயர் சீரியல் 0/0. பிறகு டபிள்யூ0இல் இன்னொன்றைச் செருகினால் 0/0 புதியதற்குப் போய், பழையது 0/1 ஆகிவிடும். உங்கள் பழைய ஐபி புதுக் கார்டில் உட்கார்ந்துகொள்ள, ஓடிக்கொண்டிருந்த லீஸ்டு லைன் படுத்துவிடும். லைன்காரனைத் திட்டிப் பயனில்லை. கார்டு சேர்க்கும் முன் கன்ஃபிகை எடுத்து வையுங்கள், பவரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், பழைய 0/0 வரிகளை 0/1க்கு மாற்றுங்கள்.