மகன் ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டான், மார்க் இன்னும் வரவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில், மார்ச் கடைசியில், எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்காக (ஒரு செமஸ்டரை மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பது) ஜெர்மனி போன பையன் ஆகஸ்ட் நடுவில் திரும்பியிருக்கிறான். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான். நடுராத்திரியில் போனில் இங்கிலீஷில் சிரித்துப் பேசுகிறான். காலி தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட விடுவதில்லை. அவன் அப்பா "ஃபாரின் போய்வந்த திமிர்" என்கிறார். உங்களுக்குப் பயம்.

எனக்கு இது திமிராகத் தெரியவில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "ஆறாவது செமஸ்டர் மார்க் இன்னும் ஏறவில்லையாம்." அவன் ஜெர்மனியில் படித்தது அந்த செமஸ்டரைத்தான், நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடியும். தேர்வுகள் ஆகஸ்ட் வரைகூட இழுக்கும். பேப்பர் திருத்தி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், கைக்கு வர இன்னும் சில வாரம் ஆகும். அதற்குள் இங்கே ஏழாவது செமஸ்டர் தொடங்கி, வேலைக்கு ஆள் எடுக்கக் கேம்பஸுக்குக் கம்பெனிகளும் வர ஆரம்பித்துவிடும். அரியர் (பாஸ் ஆகாமல் நிற்கும் பாடம்) இருப்பவர்களைப் பல கம்பெனிகள் உட்காரவே விடுவதில்லை. மார்க் ஏறாத பாடம் கல்லூரி கம்ப்யூட்டருக்கு அரியர் மாதிரித் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். கூடப் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் போடும்போது இவன் பெயர் லிஸ்டிலேயே இல்லாமல் இருக்கலாம். இதை வீட்டில் சொன்னால் "இதுக்கா நகையை அடகு வெச்சு அனுப்பினோம்" என்று கேள்வி வரும். அவன் வாயைத் திறக்காததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு மாணவி வந்தாள். அவளும் இப்படி ஜெர்மனி போய்த் திரும்பியவள்தான். டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பாடத்துக்கு 1.7 என்று இருந்தது. அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். அதாவது 1.7 நல்ல மார்க். இங்கே அவளுடைய கல்லூரியில் அதைப் பத்துக்கு 1.7 என்று ஏற்றிவிட்டார்கள். ஃபெயில்! பத்து நாள் ஹாஸ்டலில் அழுதிருக்கிறாள், டியூட்டரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் அளவுகோல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்த பிறகுதான் விஷயம் தீர்ந்தது.

கிரெடிட் கணக்கிலும் இதே குழப்பம் வரும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட். நம் ஊரில் வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்பதை வைத்துக் கணக்கு. அங்கே 5, இங்கே 5 என்று அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று போவதற்கு முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். போன பிறகு "இந்தப் பாடம் இந்த செமஸ்டரில் இல்லை" என்று அங்கே சொல்லியிருந்தால் இவன் வேறு பாடம் எடுத்திருப்பான். அந்த மாற்றத்துக்கு இங்கே ஒப்புதல் வாங்கினானா என்று கேளுங்கள். பல பேர் மாட்டிக்கொள்வது அதில்தான்.

கல்லூரியில் முதலில் எக்ஸ்சேஞ்சைக் கவனிக்கும் பேராசிரியரை அவன் பார்க்கட்டும். அவர் மூலம் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் பாட ஈடுக்கான கடிதம், அப்புறம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லை என்றால் "ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது, அரியர் இல்லை" என்று அந்த அலுவலகத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அதை அன்றே பிளேஸ்மெண்ட் ஆபீசரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் விட்டுப்போன வகுப்புகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி அனுமதியோடு வெளியே இருந்ததாகக் கணக்கு) போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு பிரச்சினை நவம்பரில் கிளம்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போகும்போது கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்து, பொக்கே கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். திரும்பி வந்த பையனை "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்க மட்டும் ஆள் இருக்காது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் திரும்பி வருபவர்களுக்கென்றே தனிக் கூட்டம் நடத்துகிறார்கள். வெளிநாட்டில் போய்ப் பழகுவது எவ்வளவு கஷ்டமோ, சொந்த ஊரில் மறுபடி பழகுவதும் அவ்வளவு கஷ்டம் என்று 1963லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம்மிடம் அது கேம்பஸ் வரை இன்னும் வந்து சேரவில்லை.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே தண்ணீர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரை கிடைக்கும். ஐந்து மாதம் ஒவ்வொரு பாட்டிலையும் சேர்த்து வைத்த கை, சட்டென்று விடாது. போன் பேச்சும் அப்படித்தான். நமக்கு இரவு 12 என்றால் அங்கே எட்டரை, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பேசும் நேரம். அவனே சமைத்து, அவனே துணி துவைத்து, தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டவனுக்கு இப்போது தட்டைக்கூட நீங்கள்தான் எடுக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலை அவனிடம் விட்டுப் பாருங்கள். உப்பு உறைப்பு இல்லாமல்தான் இருக்கும், சாப்பிட்டுவிடுங்கள்.

கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறாரா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதியான ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கேட்பதில் தவறில்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டே இருந்தாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனது போலப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. இரண்டுக்கும் நாள் தள்ளக் கூடாது. அங்கே லேப் நடத்திய பேராசிரியருக்கு இவன் முகம் மறப்பதற்குள் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட வேண்டும், எம்.எஸ். விண்ணப்பத்துக்கு உதவும். கொஞ்சமாவது ஜெர்மன் வாயில் நிற்கும்போதே ஜெர்மன் மொழி கற்றுத்தரும் சென்னை கோதே இன்ஸ்டிடியூட்டில் ஏ1 அல்லது ஏ2, அதாவது ஆரம்ப நிலைத் தேர்வு எழுதிவிடலாம்.

அவன் அப்பா கல்லூரிக்குக் கூடப் போக வேண்டாம். நான்காம் ஆண்டுப் பையன், தனியாகப் போகட்டும். நீங்கள் இன்று ராத்திரி "மார்க் எங்கடா சாமி மாட்டிக்கிச்சு?" என்று மட்டும் கேளுங்கள், நகைப் பேச்சை எடுக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டுக்காக அவன் ஜெர்மனிக்கு நடுராத்திரியில் மெயில் போட்டுக்கொண்டிருந்தால், மதியம் ஒன்றரைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அப்போது அங்கே காலை பத்து மணி, ஆபீசில் ஆள் இருப்பார்கள்.